எடுத்துக் கொடுக்காத வசனம்

எங்கள் நோட்டில் மொத்தம் நாற்பத்தொரு படங்கள் இருக்கின்றன. கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. அட்டையில் யாரோ ஒரு மாணவனின் வகுப்பும் பிரிவும் எழுதி அடித்திருக்கும். ஒரு பக்கத்துக்கு ஒரு படம். பெயர், எத்தனை பேர் வேண்டும், எத்தனை கதவு வேண்டும், எதையெல்லாம் வெட்ட வேண்டும், கடைசியில் ‘நிக்கும்’ அல்லது ‘நிக்காது’. சினிமாவாக வந்தவற்றில் எதை எடுத்து மேடையில் நாடகமாகப் போட்டால் தாங்கும் என்று நானும் என் நண்பனும் இருபது வருஷத்துக்கு மேலாக எழுதிவைத்த தீர்ப்புகள். நாற்பத்தொன்றில் ஆறைத்தான் எங்களால் மேடையேற்ற முடிந்தது. ஆறாவதில் நான் ஒரு தப்புச் செய்தேன். அதை அவனிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க இனி வழியில்லை. சொன்னாலும் அவனுக்கு விளங்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் மிஷன் காலத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருவரும் வாத்தியார்களாக இருந்தோம். நான் கணக்கு, அவன் பூகோளம். சபையும் ஒன்றுதான். எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒரு நாள் அசனம் நடக்கும். ஏழை பணக்காரன் என்றில்லாமல் எல்லாரும் தரையில் பந்தியாக உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிடுகிற நாள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் பள்ளி மைதானத்தில் நாடகம் போடுவது வழக்கம். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் ஒட்டுத்தாடியும் போர்வையுமாக வருஷம் தவறாமல் அதே கதையைப் போட்டார்கள். முன் வரிசையில் இருப்பவர்கள் நடிகர்களுக்கு முன்னாலேயே வசனத்தைச் சொல்லிவிடுவார்கள். அந்தக் கொடுமை தாங்காமல்தான் நாங்கள் சினிமாவிலிருந்து எடுக்க ஆரம்பித்தோம். குருவானவர் முகத்தைச் சுளித்தார். குத்துப்பாட்டு இல்லை, அடிதடி இல்லை, ஆம்பளைக்குச் சேலை கட்டிவிடுவதில்லை என்று மூன்று உறுதிமொழி வாங்கிக்கொண்டு சம்மதித்தார்.

அவன் நடிப்பான். நான் எழுதுவேன். நாடகம் நடக்கும்போது பக்கவாட்டுப் படுதாவுக்குப் பின்னால் மடக்கு நாற்காலியில், மடியில் பிரதியும் கையில் சின்ன டார்ச்சுமாக உட்கார்ந்து, வசனம் மறந்தவர்களுக்கு முதல் வார்த்தையை எடுத்துக் கொடுப்பதும் என் வேலை. அது சும்மா இல்லை. நடிகனுக்குக் கேட்க வேண்டும், முன் வரிசைக்குக் கேட்கக் கூடாது. நடிகன் வேண்டுமென்றே பேசாமல் நிற்கும்போது நாம் எடுத்துக் கொடுத்துவிட்டால் காரியம் கெட்டது. அதனால் முதல் நாடகத்திலேயே நாங்கள் ஓர் அடையாளம் வைத்துக்கொண்டோம். வசனம் மறந்துவிட்டால் அவன் இடது கையில் கட்டியிருக்கும் வாட்சின் வாரை வலது கை விரலால் தடவுவான். தடவினால் நான் சொல்ல வேண்டும். தடவாவிட்டால், அவன் அரை மணி நேரம் மரம் மாதிரி நின்றாலும் நான் வாயைத் திறக்கக் கூடாது. முதல் நாடகத்தில் ஒரே ஒரு முறை தடவினான். அதற்குப் பின் நான்கு நாடகங்களில் அவனுக்கு அது தேவைப்படவே இல்லை. மூன்றே நாளில் முழுப் பிரதியையும் மண்டையில் ஏற்றிக்கொள்கிறவனுக்கு அடையாளம் எதற்கு? அப்படி ஒன்று இருப்பதையே நான் மறந்துபோனேன்.

வாரம் ஒரு படமாவது பார்ப்போம். சனிக்கிழமை மத்தியானக் காட்சி. முடிந்து வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே வாக்குவாதம் தொடங்கிவிடும்.

“நிக்குமாலே?” என்பான்.

“எப்படி நிக்கும்? பாதிப் படம் ரயில்லல்லா ஓடுது.”

“ரயில எடுத்துரு. உள்ள ரெண்டு பேரு பேசுதான்லா, அத மட்டும் வையி. நிக்கும்.”

மழையை எடு, பாட்டை எடு, சண்டையை எடு, மிச்சம் ஏதாவது இருந்தால் அதுதான் நாடகம் என்பது அவன் கட்சி. முக்கால்வாசிப் படங்களில் மிச்சம் ஒன்றும் இருக்காது. அதை அவன் பஸ்ஸில் சத்தமாகச் சொல்லி, முன் சீட்டில் அந்த நடிகரின் ரசிகர்கள் யாராவது திரும்பி முறைக்க, நான் அவனை இரண்டு நிறுத்தம் முன்னதாகவே இறக்கிக் கூட்டிக்கொண்டு நடந்த நாட்கள் உண்டு.

எனக்குக் கோர்ட் படங்கள் பிடிக்கும். கூண்டு, மேசை, நாற்காலி எல்லாம் தயாராக இருக்கின்றன, அப்படியே தூக்கி மேடையில் வைத்துவிடலாம் என்பேன். அவன் ஒத்துக்கொள்ள மாட்டான். “கோர்ட்டு முடிஞ்சா எல்லாவனும் எந்திச்சு வீட்டுக்குப் போயிருவான்லே. எந்திச்சுப் போக முடியாத எடத்துலதான் நாடகம் இருக்கு” என்பான். பிடிவாதமாக ஒரு வருஷம் கோர்ட் படம் ஒன்றைப் போட வைத்தேன். நீதிபதியாக நடித்தவர் சபையின் செயலாளர். தீர்ப்பு வாசித்துவிட்டு, பழக்க தோஷத்தில் அடுத்த நாள் அசனத்துக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்றும் அறிவித்துவிட்டார். அதிலிருந்து கோர்ட் பேச்சை எடுக்கவே எனக்கு வாய் இல்லாமல் போயிற்று.

அவன் தேர்ந்தெடுத்தவை நின்றன. மலைக்கு மேல் பங்களாவில் மழைக்கு மாட்டிக்கொண்ட நான்கு பேரின் படம் ஒன்று. சினிமாவில் மழைக்கே பெரிய செலவு செய்திருந்தார்கள். இவன் ஒரு முறத்தில் அரிசியைப் போட்டுப் படுதாவுக்குப் பின்னால் என்னைப் புடைக்கச் சொன்னான். “மணிமுத்தாத்துல மழ இப்படித்தாம்லே எறங்கும்” என்றான். அவனுடைய முதல் வேலை மணிமுத்தாறு அணைக்குக் கீழே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில். கல்யாணத்துக்கு முந்தி நாலு வருஷம் அங்கே இருந்தான். இன்னொரு படம், செத்துப்போன அம்மாவின் பீரோவை இரண்டு மகள்கள் பங்கு வைப்பது. மேடையில் ஒரு பீரோ மட்டும். அதற்கு அடுத்த நாள் அசனப் பந்தியில் எங்கள் சபை அக்காள் தங்கை இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார்கள். அதைவிடப் பெரிய பாராட்டு எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

எனக்கு ஒரு குறை உண்டு. சினிமாவில் ஒரு முகத்தைச் சுவர் அளவுக்குக் காட்டலாம். கண்ணில் தண்ணீர் திரளுவது கடைசி பெஞ்சுக்காரனுக்கும் தெரியும். மேடையில் பத்தாவது வரிசையிலிருந்து பார்த்தால் முகம் ஒரு சட்டைப் பித்தான் அளவுதான். இதைச் சொல்லி நான் அலுத்துக்கொள்ளும்போதெல்லாம் அவன் ஒரே பதிலைச் சொல்வான்.

“மொகம் தெரியாத எடத்துல கைதாம்லே மொகம்.”

நானும் அதை வேத வாக்காகப் பிடித்துக்கொண்டேன். மேடையில் அவன் என்ன செய்தாலும் கையைத்தான் பார்ப்பேன்.

ஆறாவது படத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் பார்த்தவர்கள் சொற்பம். ஜங்ஷன் பக்கம் ஒரு தியேட்டரில் மூன்று நாள் ஓடியது. நாங்கள் போனபோது எங்களையும் சேர்த்து ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் ஏசிக்காக வந்து தூங்கியவர்கள். பஸ் கடைசியாக வந்து திரும்புகிற ஊர். வெளியூர் வேலைக்குப் போன மகன் இன்று வருகிறான் என்று அப்பா காத்திருக்கிறார். மகன் வரமாட்டான், விபத்தில் இறந்துவிட்டான் என்கிற செய்தி காலையிலேயே அம்மாவுக்கு வந்துவிட்டது. அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அவள் சமைத்துக்கொண்டே இருக்கிறாள். அவ்வளவுதான் கதை. பஸ் கிளப்பும் புழுதி, ஆற்றங்கரை, மகனின் சின்ன வயசு என்று வெளியே நடப்பதையெல்லாம் வெட்டிவிட்டால் ஒரு முன்னறை, ஒரு கதவு, ஒரு பெஞ்சு, இரண்டு பேர்.

வண்ணார்பேட்டையில் அன்றைக்கு அவன் சண்டைக்கு வரவில்லை. பஸ் இரண்டைப் போகவிட்டான். பிறகு, “நிக்கும்லே. இதுல ரெண்டு பேருமே எந்திச்சுப் போக முடியாது” என்றான்.

நாங்கள் இருவரும் ஓய்வு பெற்ற அடுத்த வருஷம் அது. கையில் நேரம் கிடந்தது. ரொம்ப ஆசையாக எழுதினேன். படத்தில் சுவர்க் கடிகாரத்தைக் காட்டிக் காட்டிக் காத்திருப்பதைப் புரியவைத்திருந்தார்கள். மேடையில் சுவர்க் கடிகாரத்தின் முள் யாருக்குத் தெரியும்? அதனால் அதைக் கையில் கொண்டுவந்தேன். ‘அப்பா கதவைப் பார்க்கிறார். வாட்சின் வாரைத் தடவுகிறார்’ என்று அடைப்புக்குறிக்குள் என் கையாலேயே எழுதினேன். எட்டு இடத்தில் எழுதியிருக்கிறேன். கதவை மேடையின் இடது பக்கம், நான் உட்காரும் படுதாவை ஒட்டி வைத்தோம். அப்போதுதான் அவன் முகம் கூட்டத்துக்குப் பாதியாவது தெரியும். வாரைத் தடவுவது எங்கள் பழைய அடையாளம் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வந்ததா என்று பல தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். வரவில்லை. முப்பது வருஷம் கணக்கு நடத்தியவன், இந்த ஒரு சின்னக் கணக்கைப் போடவில்லை.

ஒத்திகையில் அவன் பிரதியைக் கையிலேயே வைத்திருந்தான். மூன்று நாளில் மனப்பாடம் செய்கிறவன் மூன்று வாரம் ஆகியும் கீழே வைக்கவில்லை. கேட்டால் கண்ணாடிப் பவர் மாற்ற வேண்டும் என்றான். வயசாகிவிட்டது, எனக்கும்தான் மாடிப்படி ஏறினால் மூட்டு வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நாடகத்தன்று பிரதி இல்லாமல்தான் மேடையேறினான்.

மைதானம் நிறைந்திருந்தது. அவன் மனைவி எப்போதும்போல முன் வரிசையில், ஓரத்து நாற்காலியில். அம்மா வேஷம் போட்டது எங்கள் பள்ளி டீச்சர் ஒருவர். பத்தாம் நிமிஷம் வாக்கில் அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்து, “நீ சாப்ட்டியா?” என்று கேட்க வேண்டும். அவன் கேட்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டே நின்றான். வலது கை மெதுவாக இடது கைக்குப் போய் வாட்சின் வாரைத் தடவியது. தடவிக்கொண்டே நின்றான். மைதானத்தில் பிள்ளைகளின் சத்தம்கூட அடங்கிப்போனது. பிரதியில் இல்லாத மௌனம். ஆனால் எத்தனை பெரிய மௌனம்! டீச்சர் சமாளித்துக்கொண்டு, “சாப்பாடு எடுத்து வைக்கட்டா?” என்று அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார்.

நான் எழுதியதை அவன் எங்கேயோ கொண்டுபோய்விட்டான் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை அப்படி நின்றபோது டார்ச்சை அணைத்தேன். மூன்றாவது தடவை பிரதியை மூடி மடியில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். எடுத்துக் கொடுக்க வேண்டியவன், டிக்கெட் வாங்கி வந்தவன் மாதிரி உட்கார்ந்து ரசித்தேன்.

முடிந்ததும் கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. குருவானவர் மேடைக்கே வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த மௌனத்தில் ஒரு பிரசங்கம் இருந்தது என்றார். வகுப்பறையில் நாங்கள் ஒப்பனை கலைக்கும்போது அவன் தேங்காயெண்ணெய் தடவிய பஞ்சால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டான்:

“ஏம்லே எடுத்துக் குடுக்கல?”

“என்னத்த எடுத்துக் குடுக்க? நீ நின்ன நிப்புல ஊரே மூச்சடச்சுப் போயி ஒக்காந்திருக்கு. இந்த வயசுல இப்படி ஒரு நடிப்ப எங்கலே ஒளிச்சு வச்சிருந்த?”

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சிரித்தான். “நல்லாருந்துச்சுன்னா சரி” என்றான். பின்னால் விஷயம் தெரிந்தபோது, அவன் அப்போதே சொல்லியிருக்கலாமே என்று முதலில் அவன்மேல் கோபப்பட்டிருக்கிறேன். ஊரே புகழ்ந்துகொண்டிருக்கும்போது, எனக்கு மண்டைக்குள் ஒன்றுமே இல்லாமல் போயிற்று என்று எவன் சொல்வான்? நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் அவன் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தாள். தபால் ஆபீஸில் வேலை. போகிற வழியில் நுழைந்திருந்தாள். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே பேசினாள்.

“அண்ணே, இவுக இன்னும் அந்த நாடகத்துலயே இருக்காகளோன்னு தோணுது. வாசக்கதவப் பாத்துகிட்டே நிக்காக. என்னன்னு கேட்டா ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்காக. நேத்து அடுப்புல பாலு பொங்கி வழியுது, பக்கத்துலயே நின்னு பாத்துகிட்டு இருக்காக. எனக்குப் பயமா இருக்கு.”

நான் சிரித்தேன். இதை எழுதும்போது அந்தச் சிரிப்புத்தான் காதில் கேட்கிறது.

“அது ஒண்ணுமில்லம்மா. பெரிய வேசம் போட்டா எறங்க நாளாகும். நடிகன்னா அப்படித்தான். பைய எறங்கிருவான், விட்ருங்க.”

அதோடு விட்டேனா? பெரிய நடிகர்கள் வேஷத்திலிருந்து வெளியே வராமல் கிடந்த கதைகளை, பாதி கேள்விப்பட்டது பாதி சொந்தக் கற்பனை, பத்து நிமிஷம் அவளை நிற்கவைத்துச் சொன்னேன். அவளுக்கு ஆபீஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. “நீங்க சொன்னா சரியாத்தாம்ணே இருக்கும்” என்று போனாள். நாலைந்து மாதத்தில் மறுபடியும் வந்தாள். சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைக்கிறார், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மனப்பாடமாகத் தெரிந்த ஜெபத்தில் பாதியில் நின்றுவிடுகிறார் என்றாள். அப்போது நான் அடுத்த படத்தை எழுத ஆரம்பித்திருந்தேன். பிரதியில் பாதி அவனிடம் இருந்தது. “அடுத்த வேசத்துக்குப் பழகுதாம்மா” என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். நம்ப வேண்டும் என்கிற ஆசை அந்த முகத்தில் இருந்தது. நான்தான் அவனுக்கு நெருக்கமானவன். எனக்குத் தெரியாமல் அவனுக்கு ஒன்று வந்துவிடுமா?

இப்படியே ஒன்றரை வருஷம் போயிற்று.

ஒரு நாள் காலையில் ரொட்டி வாங்கப் போனவன் மத்தியானம் வரை திரும்பவில்லை. ஒரு மணி வாக்கில் மணிமுத்தாறு அணைப் பக்கத்து டீக்கடை ஒன்றிலிருந்து அவன் மனைவிக்குப் போன் வந்தது. சட்டைப்பையில் இருந்த சீட்டில் நம்பர் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். வயசான ஆள் ஒருவர் ரொட்டிப் பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, இன்னும் ஏன் பள்ளிக்கூட மணி அடிக்கவில்லை என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றார்கள். அவளும் நானும் கார் பிடித்துப் போனோம். வழியெல்லாம் நாற்று நட்டிருந்தார்கள். நல்ல வெயில்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். என்னைத் தெரிந்தது. “வந்துட்டியாலே” என்றான். “இன்னைக்கு லீவா? ஒரு புள்ளையையும் காணும்.” அவளைப் பார்த்து, யாரோ மாணவனின் அம்மாவைப் பார்க்கிற மரியாதையோடு லேசாகத் தலையை அசைத்தான். மணிமுத்தாற்றில் வேலை பார்த்தபோது அவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போய் நின்றாள்.

மூளை டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். அவள் நாள் வாரியாகச் சொன்னாள். அதைக் கேட்டுவிட்டு டாக்டர், “அப்பவே கூட்டிட்டு வந்திருக்கலாமே. இந்த மறதி நோயை நிறுத்தியிருக்க முடியாது. மருந்து கொடுத்துக் கொஞ்சம் மெதுவாக்கியிருக்கலாம்” என்றார். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. “தெரியாமப் போச்சு டாக்டர்” என்று மட்டும் சொன்னாள். என்னைத் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அன்றைக்குச் சாயங்காலம்தான் அந்த வீடியோவைப் பார்த்தேன். நாடகத்தைப் பாடகர் குழுவில் ஒருவர் போனில் எடுத்துச் சபை குரூப்பில் போட்டிருந்தார். நேரில் பார்த்ததை எதற்குப் பார்ப்பது என்று நான் திறக்கவே இல்லை. இப்போது திறந்தேன். எடுத்தவர் நல்ல கை. நிறைய இடங்களில் முகத்தைப் பெரிதாக்கி எடுத்திருந்தார். மேடையில் கிடைக்காது என்று நான் குறைப்பட்ட அந்த முகம் போன் நிறையத் தெரிந்தது.

அவன் கதவைப் பார்க்கவில்லை. கதவுக்கு ஒரு சாண் தள்ளிப் படுதாவைப் பார்க்கிறான். என்னைப் பார்க்கிறான். நெற்றியில் வேர்வை கோடாக இறங்குகிறது. மகனுக்குக் காத்திருக்கிற அப்பா இல்லை அது. ஆற்றில் கால் பாவாமல் போனவன் கரையைப் பார்க்கிற பார்வை. வலது கை வாட்சின் வாரைத் தடவிக்கொண்டே இருக்கிறது. முதல் தடவை, இரண்டாவது தடவை. நான் டார்ச்சை அணைத்த இடம் எனக்குத் தெரிந்தது. படுதா ஓரத்தில் லேசாக இருந்த வெளிச்சம் போய்விடுகிறது, அதை அவன் பார்க்கிறான். நான்காவது தடவை உதடு அசைகிறது. சத்தம் வரவில்லை. ‘ஏலே’ என்று கூப்பிட்டான் என்றுதான் எனக்குப் படுகிறது. மொத்தம் ஆறு தடவை. என் பிரதியில் அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்த இடங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. நான் எழுதிய எட்டு இடத்தில் அவன் ஒரு இடத்தில்கூட வாரைத் தொடவே இல்லை. அடையாளத்தை நடிப்பில் கலந்துவிடக் கூடாது என்று அவன் வேண்டுமென்றே விட்டிருக்கிறான். எனக்காக விட்டிருக்கிறான். உதவி கேட்கும்போது நான் குழம்பிவிடக் கூடாதே என்று.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாய்விட்டு அழுதேன். என் மனைவி பதறிப்போய் யார் செத்தது என்று கேட்டாள்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவன் மனைவி வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டாள். முன்னறையில் கட்டில், ஒரு நாற்காலி, ஒரு கதவு. கதவில் உள்பக்கம் உயரத்தில் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள். வாட்சைக் கழற்றிக் கழற்றித் தண்ணீர்ச் செம்பில் போடுகிறான் என்று அதை எடுத்து வைத்துவிட்டார்கள். நான் வாரத்தில் மூன்று நாள் போவேன். நோட்டையும் கொண்டுபோவேன். ஏதாவது புதுப் படத்தின் கதையைச் சொல்லி, “நிக்குமாலே?” என்று கேட்பேன். எல்லாவற்றுக்கும் “நிக்கும்” என்கிறான். ஒரு நாள் நாற்பது கார் பறக்கிற படம் ஒன்றைச் சொன்னேன். அதற்கும் நிக்கும் என்றான். முன்பானால் என்னை உதைத்திருப்பான்.

போன வாரம் போயிருந்தேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும். அவன் மனைவி அவனுக்கு நகம் வெட்டிவிட்டு நாற்காலியில் உட்காரவைத்திருந்தாள். எங்களுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கட்டில் ஓரத்தில், அவனுக்கு இரண்டு அடி தள்ளி உட்கார்ந்தாள். அவன் அவளைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான். வலது கை மெதுவாகப் போய், ஒன்றும் கட்டியிராத இடது மணிக்கட்டைத் தடவியது.

மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், வேலை பார்த்த பள்ளிக்கூடம் எல்லாம் போய்விட்டன. இது எப்படியோ போகாமல் இருந்திருக்கிறது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவன் காதுப் பக்கம் குனிந்து, பழைய குரலில், மெதுவாகச் சொன்னேன்:

“ஒன் பொஞ்சாதிலே. நீ சாப்ட்டியான்னு கேளு.”

அவன் முதுகை நிமிர்த்திக்கொண்டான். அவளைப் பார்த்து, கடைசி வரிசைக்குக் கேட்கிற அந்தக் குரலில், அன்றைக்கு மேடையில் சொல்லாமல் விட்டதை, அத்தனை வாஞ்சையோடு கேட்டான்:

“நீ சாப்ட்டியா?”

“சாப்ட்டேன்” என்றாள் அவள்.

இரண்டு அடி தூரத்தில் இருந்தவளுக்கு நான் எடுத்துக் கொடுத்தது கேட்காமல் இருக்குமா? அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் இன்னும் மணிக்கட்டில்தான் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள்.

“அன்னைக்கு நாடகத்துலயும் இவுக இப்படித்தான கையத் தடவிகிட்டே நின்னாக?”

“ஆமாம்மா.”

“அப்போ ஒங்ககிட்டதான் கேட்டுருக்காக.”

“ஆமா.”

“நீங்க ஒண்ணுஞ் சொல்லலியேண்ணே.”

“சொல்லலம்மா” என்றேன். இத்தனை நாள் அவளிடம் மறைத்துவைத்திருந்தது அவ்வளவுதான். எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். எழ முடியவில்லை.

அதற்குள் அவனுக்கு எல்லாம் அழிந்துவிட்டது. அவளை மறுபடியும் புதிதாகப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கை மணிக்கட்டைத் தடவத் தொடங்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்து வந்து, நாற்காலிப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவன் தோளைப் பிடித்துத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள். காதோடு வாயை வைத்து ஏதோ சொன்னாள். யார் என்று சொன்னாளா, என்ன கேட்க வேண்டும் என்று சொன்னாளா, எனக்குத் தெரியாது. அவனுக்கு மட்டும்தான் கேட்டது.